கூட்டணிக்குள் இருந்தே எதிர்ப்பதா, ஆதரவை விலக்கிக்கொள்வதா?

வெள்ளாறு:
2024 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு இந்த வாதம் ஓயவே இல்லை. பாஜக 240 இடங்களோடு நின்றது. பெரும்பான்மைக்கு 272 வேண்டும். தெலுங்கு தேசத்தின் 16 பேரும் ஐக்கிய ஜனதா தளத்தின் 12 பேரும் ஒன்றாக விலகியிருந்தால் அரசு ஆட்டம் கண்டிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் கூட்டணிக் கட்சிக்கு அரசின் முடிவு ஒன்று பிடிக்கவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும்? நம்மிடம் உடனே வரும் பதில், "மானம் இருந்தால் வெளியே வா" என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளே இருந்து மல்லுக்கட்டுவதுதான் பலன் தரும்.

2024 ஆகஸ்ட் 17 அன்று மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் 45 உயர் பதவிகளுக்கு வெளியாட்களை நேரடியாக எடுக்க விளம்பரம் கொடுத்தது. இணைச் செயலாளர், இயக்குநர் மாதிரி பதவிகள். இட ஒதுக்கீடு கிடையாது. எதிர்க்கட்சிகள் கண்டித்தன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மத்திய அமைச்சராகவே இருந்த சிராக் பாஸ்வானும் இதை ஏற்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஐக்கிய ஜனதா தளமும் எதிர்த்தது. 20-ம் தேதியே விளம்பரத்தை ரத்து செய்யச் சொல்லி அமைச்சர் ஜிதேந்திர சிங்கிடமிருந்து தேர்வாணையத்துக்குக் கடிதம் போனது. ஒரு அமைச்சர்கூட ராஜினாமா செய்யவில்லை. வேலை முடிந்தது.

தெற்கு வாசல்:
நண்பரே, வசதியான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டீர்கள். 45 பதவிகளை விட்டுக்கொடுப்பதில் அரசுக்கு என்ன நஷ்டம்? அரசு உறுதியாக இருக்கும் விஷயத்தைப் பாருங்கள். வக்ஃப் எனும் இஸ்லாமிய அறக்கொடைச் சொத்துகள் பற்றிய திருத்த மசோதா 2025 ஏப்ரலில் மக்களவையில் 288-க்கு 232 என்று நிறைவேறியது. தெலுங்கு தேசமும் ஐக்கிய ஜனதா தளமும் ஆதரித்தே வாக்களித்தன. இரண்டுமே சிறுபான்மையினரின் வாக்குகளைக் கேட்டு வாங்கும் கட்சிகள். நாடாளுமன்றக் கூட்டுக் குழுவில் சில திருத்தங்களைச் சேர்க்க வைத்தோம் என்றார்கள். அடிப்படையையே எதிர்க்கிற மக்களிடம் போய் ஓரங்களைச் செதுக்கிவிட்டோம் என்றால் யாருக்கு ஆறுதல்?

பழைய கதையும் இருக்கிறது. 2012 டிசம்பரில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பற்றி மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தது. திமுக அந்த முடிவை எதிர்த்துப் பேசியது, அப்புறம் அரசுக்கு ஆதரவாக வாக்களித்தது. பாஜக வந்துவிடக் கூடாது என்பது காரணம். 253-க்கு 218 என்று அரசு தப்பித்தது. வாயால் எதிர்ப்பு, பொத்தானில் ஆதரவு. கடை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அந்தப் பேச்சால் என்ன பயன்?

நடுப்பக்கம்:
இரண்டு பேரும் டெல்லியை மட்டும் பார்க்கிறீர்கள். நம் மாநிலத்திலேயே பாடம் இருக்கிறது: நெய்வேலி.

2006-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் பங்குகளில் 10 சதவீதத்தை விற்க மத்திய அரசு முடிவெடுத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அன்றைய முதல்வர் கருணாநிதி, இந்த முடிவு நிற்காவிட்டால் கூட்டணியே நிற்காது என்கிற அளவுக்குப் போனார். ஜூலை முதல் வாரத்திலேயே மன்மோகன் சிங் நெய்வேலியை மட்டும் அல்ல, நாடு முழுக்க எல்லாப் பங்கு விற்பனையையும் நிறுத்தி வைத்தார்.

அந்த மிரட்டல் ஏன் பலித்தது என்பதுதான் முக்கியம். மக்களவையில் திமுகவுக்கு 16 பேர். பங்கு விற்பனையை எதிர்த்த இடதுசாரிகளும் அந்த அரசை வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்தார்கள். அதே நேரம் சென்னையில் திமுகவுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. 2006 சட்டமன்றத்தில் 234-ல் 96 இடங்கள்தான். காங்கிரஸின் 34 பேர் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்ததால்தான் ஆட்சி நடந்தது. டெல்லியில் இவர்கள் அவர்களுக்கு வேண்டும், சென்னையில் அவர்கள் இவர்களுக்கு வேண்டும். ஒருவர் குடுமி மற்றவர் கையில். அதனால் இரு பக்கமும் உடைக்காமல் பேசித் தீர்த்தார்கள். ஒரு பக்கம் மட்டும் குடுமி சிக்கியிருந்தால் நடப்பதே வேறு.

தெற்கு வாசல்:
நெய்வேலியை எடுத்தீர்களா, பாதியில் விடாதீர்கள். பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10 சதவீதம் பொதுமக்கள் கையில் இருக்க வேண்டும் என்ற, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதியைக் காட்டி 2013-ல் பங்கு விற்பனை மறுபடி வந்தது. மத்திய அரசின் பங்கு 93.56 சதவீதம், ஆகவே 3.56 சதவீதம் விற்றாக வேண்டும். தொழிலாளர்கள் மறுபடி வேலைநிறுத்தம். அப்போது தடுத்தது யார்? காங்கிரஸோடு கூட்டணியே இல்லாத, அன்றைய முதல்வர் ஜெயலலிதா. தமிழக அரசு நிறுவனங்களே அந்தப் பங்குகளை வாங்கிக்கொள்ளும் என்று சொல்லி, செபியின் ஒப்புதலையும் பெற்று, தனியாருக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார். வெளியே நின்றும் காரியம் சாதிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வெள்ளாறு:
அது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. 2006-ல் உள்ளே இருந்து எதிர்த்தபோது மாநிலத்துக்கு ஒரு காசு செலவில்லை. 2013-ல் ஏறத்தாழ 358 கோடி ரூபாய் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அதே நிறுவனம், அதே கோரிக்கை. திமுக அந்த மார்ச் மாதமே மத்திய ஆட்சியிலிருந்து விலகிவிட்டது. ஆகஸ்டில் மன்மோகன் சிங்கின் கையைப் பிடித்து நிறுத்த தமிழ்நாட்டிலிருந்து அமைச்சரவையில் எந்தக் கூட்டணிக் கட்சியும் இல்லை.

வெளியேறியவர்கள் கதியையும் பாருங்கள். அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் 2008 ஜூலையில் ஆதரவை விலக்கினார்கள். அரசு விழவில்லை, 275-க்கு 256 என்று நம்பிக்கை வாக்கை வென்றது. ஒப்பந்தமும் நிற்கவில்லை. 2009-ல் நான்கு இடதுசாரிக் கட்சிகளும் சேர்ந்து 24 இடங்களுக்கு இறங்கின. வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020-ல் வெளியேறிய அகாலி தளம் 2022 பஞ்சாப் தேர்தலில் 117-ல் 3 இடங்கள். ஆந்திரத்துக்குச் சிறப்பு அந்தஸ்து கேட்டு 2018-ல் வெளியேறிய தெலுங்கு தேசம் அடுத்த ஆண்டு 175-ல் 23. திமுக 2014-ல் பூஜ்யம்.

தெற்கு வாசல்:
தேர்தல் முடிவை வைத்துச் சரி தவறு சொன்னால் ஜெயித்தவன் எல்லாம் நல்லவன் ஆகிவிடுவான். தெலுங்கு தேசமும் திமுகவும் அந்தந்த மாநிலத்தில் இருந்த வேறு காரணங்களால் தோற்றன. அகாலி தளத்தின் மேல் விவசாயிகளுக்குக் கோபம் வந்தது வெளியேறியதற்காக அல்ல, முதலில் அந்த அவசரச் சட்டங்களுக்கு ஒத்துழைத்ததற்காக. ஹர்சிம்ரத் கௌர் பாதல் செப்டம்பரில் ராஜினாமா செய்தபோது காலம் கடந்துவிட்டது. தாமதமாக வெளியேறியதை வைத்து வெளியேறுவதே தவறு என்று எப்படிச் சொல்வீர்கள்?

உள்ளேயே இருந்தவர்கள் கதியையும் பார்ப்போம். பீகாரில் 2010-ல் ஐக்கிய ஜனதா தளம் 115, பாஜக 91. 2020-ல் ஐக்கிய ஜனதா தளம் 43, பாஜக 74. மாநிலத்தின் மூத்த கட்சி தம்பிக் கட்சி ஆகிவிட்டது. அதிலும் அந்த 2020 தேர்தலில், டெல்லியில் பாஜகவோடு இருந்துகொண்டே சிராக் பாஸ்வான் நிதிஷ் குமாரின் வேட்பாளர்களுக்கு எதிராக ஆள் நிறுத்தினார். நீங்கள் பாராட்டிய அதே சிராக் பாஸ்வான்தான். மகாராஷ்டிரத்தில் சிவசேனா 2019-ல் 56, பாஜக 105. முதல்வர் பதவியைக் கேட்டுப் பிரிந்தார்கள், 2022 ஜூனில் கட்சியே இரண்டானது. பெரிய கட்சியோடு நெடுங்காலம் படுத்து எழுந்தால் சின்னக் கட்சியின் அடித்தளம் கரைகிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கடைசி பெஞ்சு:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஒரு சந்தேகம். கூட்டணி என்று மக்களிடம் ஒன்றாக வாக்கு வாங்கிவிட்டு நாடாளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தால் பதவி போகுமா? கட்சித் தாவல் தடைச் சட்டம் இதற்குப் பொருந்துமா அண்ணே?

நடுப்பக்கம்:
பொருந்தாது தம்பி. 1985-ல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, உறுப்பினர் கட்டுப்பட வேண்டியது தன் சொந்தக் கட்சியின் கொறடாவுக்கு. கூட்டணித் தலைமைக் கட்சியின் கொறடாவுக்கு அல்ல. ஆக, ஒரு கூட்டணிக் கட்சி மசோதாவை எதிர்த்து வாக்களித்துவிட்டு ஆட்சியில் தொடர்வதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. அமைச்சரவையில் இருந்தால், அதன் முடிவுக்கு எல்லா அமைச்சரும் கட்டுப்பட வேண்டிய கூட்டுப் பொறுப்பு என்ற சிக்கல் வரும். வெளியிலிருந்து ஆதரவு தருபவருக்கு அதுவும் இல்லை. உள்ளே, வெளியே என்று இரண்டே கதவு இருப்பதாக நாம் பேசுவதே சரியில்லை.

இன்னொன்று, எழுத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். 1998-ல் வாஜ்பாய் ஆட்சி அமைந்தபோது கூட்டணிக் கட்சிகள் சேர்ந்து ஒரு தேசிய செயல்திட்டம் எழுதின. அயோத்தி, 370-வது பிரிவு, பொது சிவில் சட்டம் மூன்றுமே அதில் இல்லை. பாஜகவின் உயிர்நாடியான மூன்றையும் ஒதுக்கிவைக்க வைத்தது கூட்டணிக் கட்சிகளின் பேரம். 2004-ல் காங்கிரஸ் கூட்டணிக்குக் குறைந்தபட்ச பொதுச் செயல்திட்டம் இருந்தது, இடதுசாரிகளோடு ஒருங்கிணைப்புக் குழுவும் இருந்தது. ஊரக வேலை உறுதிச் சட்டம் அந்தத் தாளில் எழுதிய வாக்குறுதி, 2005-ல் சட்டமானது. ஆட்சி அமைவதற்கு முந்தைய அந்த சில நாட்களில்தான் சின்னக் கட்சியின் கை ஓங்கியிருக்கும். அதை அமைச்சர் பதவி பேசுவதில் செலவழித்தவர்கள் பின்னால் எவ்வளவு கத்தினாலும் எடுபடாது.

வெள்ளாறு:
கரைந்துபோகிற ஆபத்தைக் கேட்டீர்கள், பதில் சொல்கிறேன். ஐக்கிய ஜனதா தளம் கரைந்தது உண்மை. ஆனால் நிதிஷ் குமார் 2013, 2017, 2022, 2024 என்று அணி மாறிக்கொண்டே இருந்தவர். 2020-க்கு முன்பே மாறி மாறி நம்பகம் போனதும் அந்த 43-க்கு ஒரு காரணம். 2025-ல் அதே கூட்டணியில் நின்று 85 இடங்களுக்கு ஏறினார். நிலையாக நின்றால் கட்சி பிழைக்கும் என்பதற்கு அதைச் சொல்வேன்.

ஒரு வாக்கில் ஆட்சி கவிழ்ந்த 1999 ஏப்ரல் 17-ஐ நாம் யாரும் மறக்க முடியாது. அதிமுக ஆதரவை விலக்கியது, 269-க்கு 270 என்று வாஜ்பாய் தோற்றார். அடுத்த தேர்தலில் அதிமுகவுக்கு 18-லிருந்து 10 ஆனது. வாஜ்பாய் திமுகவைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தார். யார் எதைச் சாதித்தார்கள்? நாட்டுக்கு இன்னொரு தேர்தல் செலவு மட்டும் மிஞ்சியது.

தெற்கு வாசல்:
1999-ல் விலகியது கொள்கைக்காக அல்ல. அதை வைத்து எல்லாரையும் அடிக்காதீர்கள்.

கூட்டணிக்காக ஆட்சியையே இழந்தவர்களும் இந்த நாட்டில் இருந்தார்கள். 1997-ல், ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கையைக் காட்டி, திமுக அமைச்சர்களை நீக்கு, இல்லாவிட்டால் ஆதரவு இல்லை என்றது காங்கிரஸ். அன்றைய பிரதமர் குஜ்ராலும் அவருடைய ஐக்கிய முன்னணியும் நீக்க மறுத்தார்கள். நவம்பர் 28-ம் தேதி ஆட்சி போனது. ஒரு கூட்டாளியைப் பலிகொடுத்துப் பிழைப்பதைவிடப் போவதே மேல் என்று நினைத்தார்கள். எனக்கு அரசியலில் மரியாதை வந்த தருணங்களில் அது ஒன்று. அதே திமுகவின் ஆட்சியை 1991 ஜனவரியில் கலைத்த சந்திரசேகரை நினைத்துப் பாருங்கள். கையில் மிகச் சில எம்பிக்களே இருந்த பிரதமர், வெளியிலிருந்து தாங்கிய காங்கிரஸின் அழுத்தத்துக்குப் பணிந்தார். ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் கலைத்தார்கள். பணிந்ததற்கு என்ன கூலி? மார்ச்சில் அவர் ஆட்சியும் போனது. உள்ளே இருந்து வளைந்து கொடுத்தால் பிழைக்கலாம் என்கிறீர்கள். வளைந்தவருக்கும் உத்தரவாதம் இல்லை.

வெள்ளாறு:
1997 முடிவை நானும் மதிக்கிறேன். ஆனால் அது பெரியவர் சிறியவரைக் காப்பாற்றிய கதை. நான் பேசுவது சிறியவர் என்ன செய்யலாம் என்பதை.

நடுப்பக்கம்:
சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். பீகாருக்குச் சிறப்பு அந்தஸ்து தர முடியாது என்று 2024 ஜூலை 22 அன்று மக்களவையில் எழுத்துப்பூர்வமாகச் சொன்னார்கள். கேள்வி கேட்டவரே ஐக்கிய ஜனதா தளத்து உறுப்பினர். மறுநாள் பட்ஜெட்டில் பீகார் சாலைகளுக்கு 26,000 கோடி, ஆந்திரத் தலைநகர் அமராவதிக்கு 15,000 கோடிக்கு ஏற்பாடு. உரிமையாகக் கேட்டதை மறுத்துவிட்டுத் தொகையாகக் கொடுத்தார்கள். தொகை நல்லதுதான், சாலை வந்தால் மக்களுக்கு வசதி. ஆனால் அது அந்த ஆண்டு பட்ஜெட்டோடு முடிகிற பேரம். உரிமை என்றால் அடுத்த அரசும் கொடுத்தாக வேண்டும். உள்ளே இருப்பவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதில் எனக்கு இருக்கும் கவலை இது.

தெற்கு வாசல்:
இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்ல வருகிறேன். அப்படியானால் வெள்ளாறு அவர்களுக்கு ஒரே கேள்வி. மக்களவை இடங்கள் மாநிலங்களுக்கு 1971 கணக்கெடுப்பின்படிப் பிரித்தது இன்னும் நீடிக்கிறது. 2001-ல் 84-வது அரசமைப்புத் திருத்தம் மறுபங்கீட்டை 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை தள்ளிவைத்தது. மக்கள்தொகையை மட்டும் பார்த்துப் பிரித்தால் தெற்கின் பங்கு குறையும், 25 இடங்கள் உள்ள ஆந்திரத்துக்கும் அடி விழும். ஆட்சியைத் தாங்கும் 16 பேர் அந்த ஆந்திரத்தவர்கள். உங்கள் வழிப்படி உள்ளே இருந்து மல்லுக்கட்ட இதைவிடப் பெரிய விஷயம் இல்லை. அவர்கள் பிரதமரிடமிருந்து என்ன எழுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள்?

வெள்ளாறு:
வாங்கியதாக எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை. வாங்க வேண்டும். அதற்காக ஆட்சியை விட்டு வரச் சொல்ல மாட்டேன். தெற்கின் விகிதம் குறையாது என்று எழுதித் தராத எந்தத் திருத்தத்துக்கும் எங்கள் 16 வாக்கு கிடையாது என்று இன்றே அறிவிக்கச் சொல்வேன். அரசமைப்புத் திருத்தத்துக்கு, அவைக்கு வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அந்தக் கணக்கில் அவர்கள் 16 பேருக்கு உள்ள மதிப்பு பட்ஜெட்டில் வாங்கிய 15,000 கோடியைவிடப் பெரியது.

தெற்கு வாசல்:
அவர்கள் அப்படி அறிவிக்கட்டும், நானும் உங்கள் பக்கம் நிற்கிறேன். அறிவிக்காமல் அந்த வாக்கெடுப்பிலும் பச்சைப் பொத்தானை அழுத்தினால், உள்ளே இருந்து போராடினோம் என்று யார் சொன்னாலும் நான் கேட்கத் தயாராக இல்லை.