ஆடும் வேண்டும், மரமும் வேண்டும்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்களிடம் 5 ஏக்கர் மேய்ச்சல் நிலமும் 22 வெள்ளாடுகளும் இருக்கின்றன. பல வருடம் ஓயாமல் மேய்ந்ததில் புல் வேரோடு போய் மண் இறுகிவிட்டது. மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது.

போன மழைக்கு வேம்பு, வாகை, கிளைரிசிடியா என்று 120 கன்றுகள் நட்டு முள் அடைத்தோம். ஒருநாள் மாலை பட்டியின் படல் திறந்துகொண்டது. நான் போய்ப் பார்ப்பதற்குள், வேலியில் முன்னங்கால்களை ஊன்றி நின்று எட்டிய உயரம் வரை கொழுந்தைத் தின்றுவிட்டன. அதைவிட மோசம், வாகைக் கன்றுகளின் பட்டையைச் சுற்றிலும் உரித்திருந்தன. உரிந்த இடத்தில் பல் தடம் ஈரமாகத் தெரிந்தது.

ஆடுகளை விற்றுவிடு என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அவற்றின் புழுக்கைதான் அந்த மண்ணுக்கு உரம். நைஜர் நாட்டில் 1980களில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநரும் உழவர்களும் அடிக்கட்டைத் துளிர்களைக் காத்தே மரங்களை மீட்டதைப் படித்தேன். எங்கள் நிலத்திலும் பழைய கட்டைகள் துளிர்க்கின்றன, ஆடு விட்டால்தானே!

நிலத்தை நான்காகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கலாம் என்று இருக்கிறேன். அடைத்த பகுதியில் எத்தனை மழைக்காலம் கழித்து ஆட்டை விட்டீர்கள்? கன்றின் உயரத்தைப் பார்ப்பதா, அடிமரத்தின் தடிமனைப் பார்ப்பதா? பட்டையைக் கடிக்காமல் இருக்கச் சாணிக் கரைசல் பூசிப் பார்த்தவர்கள் உண்டா? அப்புறம், சூபாபுல் (சவுண்டல்) மரத்தின் தழை போடுபவர்கள் தீவனத்தில் எவ்வளவு சேர்க்கிறீர்கள்? அளவு மீறினால் ஆட்டுக்கு முடி கொட்டும் என்பதால் கேட்கிறேன்.