குழந்தை மாத்திரை விழுங்கிய கேஸ்: ஒத்திகைக்கு யோசனை வேண்டும்

வணக்கம். எங்கள் அவசரப் பிரிவில் அடுத்த வாரம் ஓர் ஒத்திகை. கதை இதுதான்: பாட்டியின் கிளிமிபிரைடு (சர்க்கரை நோய்க்கான) மாத்திரையை 2 வயதுக் குழந்தை விழுங்கிவிட்டது. எடை 12 கிலோ, ரத்தச் சர்க்கரை 38 மி.கி./டெ.லி., மிகக் குறைவு. டெக்ஸ்ட்ரோஸ் 10% (குளுக்கோஸ் கரைசல்), கிலோவுக்கு 2 மி.லி. வீதம் 24 மி.லி. ஏற்றியதும் சர்க்கரை ஏறும். அப்பாடா என்று எல்லோரும் நகர்ந்த பிறகு மறுபடி இறங்கும். இன்சுலின் சுரப்பதை அடக்கிச் சர்க்கரை மறுபடி இறங்காமல் தடுக்கும் ஆக்ட்ரியோடைடு மருந்து யாருக்கு ஞாபகம் வருகிறது என்பதுதான் சோதனை.

போன முறை அளவுக் கணக்குப் போடவே நான்கு நிமிடம் போனது, கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தோம்!

எங்களிடம் இருப்பது துணிக்கடைப் பொம்மைதான். அதற்கு வலிப்பு வருவதை எப்படிக் காட்டுவது? அப்புறம், அழுகிற அம்மாவாக யாரை நிறுத்துவது? எங்கள் நர்ஸ் நடித்தால் எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.