நீண்ட கார் பயணம்: சர்க்கரை உள்ளவருக்கு என்ன நொறுக்குத்தீனி?

கேள்வி: அப்பாவுக்கு டைப் 2 சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் மாத்திரையோடு கிளிமிபிரைடும் எடுக்கிறார். 8 மணி நேரப் பயணம், இடையில் அவரும் ஓட்டுவார். கொறிக்க என்ன எடுத்துப் போகலாம்? 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட் போதுமா?

பதில் 1: அந்த பிஸ்கட்டை விடுங்கள். சர்க்கரை இல்லாவிட்டாலும் மாவு இருக்கிறதே! பாக்கெட்டின் பின்னால் மொத்த கார்போஹைட்ரேட் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு தடவைக்கு 15 கிராமைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. உப்பில்லாத பாதாம், வேர்க்கடலை 30 கிராம் வீதம் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். பெரிய டப்பாவாகக் கொடுத்தால் பேச்சு சுவாரஸ்யத்தில் காலியாகிவிடும். வெள்ளரித் துண்டும் சேர்க்கலாம். அவித்த முட்டை என்றால் ஐஸ் பெட்டி வேண்டும், வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

பதில் 2: கிளிமிபிரைடு எடுப்பவருக்கு லோ சுகர்தான் (ரத்தச் சர்க்கரை மிகவும் குறைவது) பெரிய கவலை. மாத்திரை போட்டுவிட்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் இறங்கிவிடும். குளுக்கோஸ் மாத்திரையோ 150 மி.லி. பழச்சாறோ கை எட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம். சர்க்கரை அளவு 70 mg/dL-க்குக் கீழே போனால் வண்டியை ஓரங்கட்டி 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. இதற்கு சாக்லேட் உதவாது. கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். பாதாமும் அப்படியே.

பதில் 3: ஓட்டுவதற்கு முன்பும், 2 மணி நேரத்துக்கு ஒரு முறையும் சர்க்கரை அளவைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். லோ ஆகிச் சரியான பிறகும் 45 நிமிடம் ஸ்டியரிங்கைத் தொட விடாதீர்கள். மீட்டரை வெயிலில் டாஷ்போர்டு மேல் வைத்தால் அளவு தப்பாகக் காட்டும்.