உபுண்டுவிலிருந்து அலுவலக அவுட்லுக்: ரெமினாவில் சர்வர் பெயர் கிடைக்கவில்லை

கேள்வி
வீட்டுக் கணினியில் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்). அலுவலக மின்னஞ்சலை வெளியிலிருந்து பார்க்க ரிமோட் டெஸ்க்டாப் (அலுவலக விண்டோஸ் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் முறை) மட்டுமே அனுமதி, விபிஎன் (அலுவலக வலையமைப்புக்குள் நுழையும் மறையாக்கப்பட்ட பாதை) கிடையாது. ஐடி பிரிவு தந்த ஆர்டிபி கோப்பில் (இணைப்பு அமைப்புகள் அடங்கிய கோப்பு) இருந்த சர்வர் பெயரை ரெமினாவில் (ரிமோட் டெஸ்க்டாப்பில் இணைய உதவும் லினக்ஸ் நிரல்) இட்டால் 'சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்கிறது. சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங்கும் போகவில்லை. என்ன செய்வது?

பதில் 1
பிங் போகாததில் வியப்பில்லை. அந்தப் பெயர் அலுவலகத்தின் உள் டிஎன்எஸ்ஸில் (பெயருக்குரிய முகவரியைத் தரும் சேவை) மட்டும்தான் இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பது கேட்வேயின் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே அனுப்பும் நுழைவாயில் சர்வர்) வேலை. கேட்வே முகவரி தராததால் ரெமினா உங்கள் வீட்டு டிஎன்எஸ்ஸிடம் கேட்டுத் திரும்புகிறது.

ஆர்டிபி கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். 'கேட்வேஹோஸ்ட்நேம்' வரியில் உள்ள முகவரியை ரெமினாவின் 'அட்வான்ஸ்ட்' பகுதியில் கேட்வே சர்வர் பெட்டியில் இடுங்கள். கேட்வேக்கான பயனர் பெயர், கடவுச்சொல், டொமைன் ஆகியவற்றுக்கும் அங்கேயே பெட்டிகள் உண்டு. 'லோட்பேலன்ஸ்இன்ஃபோ' வரி இருந்தால் அதையும் அப்படியே சேருங்கள். பல சர்வர்கள் உள்ள அலுவலகத்தில் உங்களை எந்தத் தொகுப்புக்கு அனுப்புவது என்று தெரிவிப்பது அதுதான்.

கேட்வே 443 போர்ட்டில் ஹெச்டிடிபிஎஸ் வழியாகப் பேசும், ஆகவே வீட்டு ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாகப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடும்படி ஐடி பிரிவைக் கேட்கவே வேண்டாம். கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்க்கும் நிரல்கள் முதலில் தட்டும் கதவு அது.

பதில் 2
ஆர்டெஸ்க்டாப் என்ற வேறொரு ரிமோட் டெஸ்க்டாப் நிரலைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதில் கேட்வே வசதி இல்லை. ரெமினா உள்ளே கேட்வே வசதியுள்ள ஃப்ரீஆர்டிபி என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்துவதால் ரெமினாவே போதும்.

நேற்றுவரை வேலை செய்த இணைப்பு திடீரென மறுத்தால், கடவுச்சொல் காலாவதியாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். என்எல்ஏ (இணையும் முன்பே பயனரைச் சரிபார்க்கும் முறை) இயங்கும் இடத்தில் விண்டோஸ் திரை வருவதற்கு முன்பே சரிபார்ப்பு முடிந்துவிடும், அதனால் புதிய கடவுச்சொல் கேட்கும் திரையே வராது. காலாவதிக்கு முன்பே மாற்றிவிடுங்கள்: இணைந்திருக்கும்போது ரெமினா கருவிப்பட்டையிலிருந்து 'கன்ட்ரோல் ஆல்ட் டெலீட்' அனுப்பினால் கடவுச்சொல்லை மாற்றும் வசதி வரும்.

கேட்டவர்
கேட்வே முகவரி இட்டதும் இணைந்துவிட்டது, மிக்க நன்றி! மின்னஞ்சலோடு வரும் கோப்புகளை உபுண்டுவுக்கு எடுப்பது எப்படி? தமிழில் பதில் எழுதவும் வேண்டும்.

பதில் 3
'பேசிக்' பகுதியில் 'ஷேர் ஃபோல்டர்' என்பதில் ஒரு கோப்புறையைத் தேர்ந்தெடுத்து மீண்டும் இணையுங்கள். விண்டோஸில் 'திஸ் பிசி'க்குள் அது ஒரு டிரைவாகத் தெரியும், கோப்பை அங்கே சேமித்தால் போதும். வீட்டுக் கோப்புறை முழுவதையும் பகிராதீர்கள், இதற்கென ஒன்றைத் தனியாக உருவாக்குங்கள். டிரைவ் தெரியவே இல்லையென்றால் அலுவலகக் கொள்கை தடுத்திருக்கலாம். ஐடி பிரிவிடம்தான் கேட்க வேண்டும்.

தமிழுக்கு, விண்டோஸ் அமர்வுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் நெறிமுறையான ஆர்டிபி வழக்கமாக எந்த விசை அழுத்தப்பட்டது என்பதைத்தான் அனுப்பும், அதனால் உபுண்டுவில் தமிழ் போன்ற மொழிகளைத் தட்டச்ச உதவும் ஐபஸ் அமைப்பு அங்கே செல்லுபடியாகாது.