72 பேர் வகுப்பு, 63 அட்டை: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். கடலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். "புரிஞ்சுதா?" என்றால் மொத்த வகுப்பும் தலையாட்டும், தேர்வில்தான் குட்டு வெளிப்படும். மாணவர்கள் வகுப்பில் செல்போன் எடுக்கக் கூடாது, அதனால் கஹூட், மென்டிமீட்டர் மாதிரி மாணவர்கள் போனில் பதில் சொல்லும் செயலிகள் எல்லாம் சரிவராது. பிளிக்கர்ஸ் என்ற செயலிக்கான அட்டைகளை அச்சடித்தேன், ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுதான் அவர்கள் பதில்: ஏ, பி, சி அல்லது டி. என் போன் கேமராவை ஒரு சுற்று காட்டினால் போதும், செயலி எல்லார் பதிலையும் பதிவு செய்துவிடும்.

ஆனால் பெரிய தொகுப்பிலேயே 63 அட்டைதான். அப்புறம், லேமினேட் செய்த அட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்து, கடைசி மூன்று பெஞ்சு பதிவாகவே மாட்டேன் என்கிறது. (மஞ்சக்குப்பம் கடைக்காரர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை.)

இருவருக்கு ஓர் அட்டை கொடுத்து, பேசிவிட்டுத் தூக்கச் சொன்னால் சரிவருமா? பளபளப்பில்லாத கெட்டித் தாள் இங்கேயோ புதுச்சேரியிலோ எங்கே கிடைக்கும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.