நாட்டு வெடிக் கிடங்கு: 190 மீட்டர் போதுமா?

கொள்ளிடக்கரை:
கும்பகோணத்துக்கு அருகே எங்கள் ஊராட்சியில், திருவிழாக்களுக்கு வாணவேடிக்கை செய்து தருபவர் ஒருவர் 500 கிலோ சரக்குக்குக் கிடங்கு உரிமம் கேட்டிருக்கிறார். அருகிலுள்ள தெரு 190 மீட்டர் தள்ளி இருக்கிறது. எடையின் கனமூலத்தை 22.2-ஆல் பெருக்கும் பன்னாட்டு நெறியின்படி, ஒருசேர வெடிக்கும் சரக்குக்கே வீடுகளுக்கான தூரம் 176 மீட்டர்தான் வருகிறது. வாணவேடிக்கைச் சரக்கோ பெரும்பாலும் எரியக்கூடியது. பரம்பரைத் தொழிலை முடக்க இதில் காரணம் இல்லை.

வெண்ணாறு:
ஐயா, பெருக்கல் சரி. ஆனால் அது முதன்மையாக அழுத்த அலைக்கான கணக்கு. சுவரும் கூரையும் சிதறிப் பறப்பது அந்த விதிக்குக் கட்டுப்படாது. 79 ஜூல் ஆற்றலுடன் வரும் துண்டு ஆபத்தானது என்றும், ஏறத்தாழ 56 சதுர மீட்டருக்கு அப்படி ஒன்றுக்கு மேல் விழக்கூடாது என்றும் அமெரிக்க ராணுவ நெறி வரையறுக்கிறது. ஒரு கிலோ தேங்காய் 8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே அந்த ஆற்றல் வந்துவிடும். ஆகவேதான் கட்டடத்துக்குள் சுமார் 200 கிலோவுக்கு மேல் இருந்தால், தனி ஆய்வு இல்லாத நிலையில், 381 மீட்டர் வேண்டும் என்கிறார்கள். எரியும் சரக்கு என்ற நம்பிக்கையும் முழுமையானதல்ல: நெதர்லாந்தின் என்ஸ்கெடேயில் 2000 மே 13 அன்று வாணவேடிக்கைக் கிடங்கு ஒருசேர வெடித்து 23 பேர் இறந்தனர்.

கொள்ளிடக்கரை:
ஊருக்கு ஊர் ஒட்டிக்கிடக்கும் டெல்டாவில் 381 மீட்டர் வெற்றிடத்துக்கு எங்கே போவது? உரிமம் மறுத்தால் சரக்கு கொல்லைப்புறத்துக்குத்தான் போகும், அங்கே எந்தத் தூரமும் இருக்காது. சுற்றிலும் மண்மேடு எழுப்பச் சொல்லுங்கள், போதும்.

குத்தாலம் வாசி:
சரக்கைப் பாதியாக்கினாலும் 176 மீட்டர் 140-ஆகத்தான் குறையும் என்பதையும் கவனிக்கவும்.

வெண்ணாறு:
கொல்லைப்புற அச்சம் நியாயமானது, நான் உரிமமே கூடாது என்று சொல்லவில்லை. மண்மேடு தாழப் பறக்கும் துண்டுகளைத் தடுக்கும். மேலெழும்பி வளைந்து விழுபவற்றை அது தடுப்பதில்லை. எனவே கான்கிரீட் தளம் போட்ட கிடங்கா, இலகுவான கூரையா என்பதே எனக்கு முதல் கேள்வி, ஏனெனில் கனமான தளம் உடைந்தால் அதுவே எறிபொருளாகும். இரண்டாவது, நீங்கள் அளந்தது தெருவின் சுவர் வரை. கிடங்கை ஒட்டிய வயல்களில் குறுவை நடவின்போது நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் பெண்களுக்குச் சுவரும் இல்லை, 190 மீட்டரும் இல்லை.

கொள்ளிடக்கரை:
நடவு நாட்களில் சரக்கை எடுப்பதும் வைப்பதும் கூடாது என்று நிபந்தனை விதிக்கலாமே!

வெண்ணாறு:
கையாளுகையில் ஏற்படும் தீயை அது குறைக்கும், இடியாலோ மின்கசிவாலோ நேரும் தீயை அல்ல. அந்த நாட்களில் 500 கிலோ வேண்டாம், 50 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று நிபந்தனை எழுதினால் நான் எதிர்க்கமாட்டேன்.

கொள்ளிடக்கரை:
ஆடித் திருவிழாவும் குறுவை நடவை ஒட்டியே வருகிறது. அவர் சம்மதிப்பாரா என்பது ஐயமே, கேட்டுவிட்டு எழுதுகிறேன்.