ஆட்டுத்தோல் சட்டையில் காலையில் மட்டும் வெள்ளை படிகிறது: பூஞ்சையா, வேறு ஏதாவதா?

குன்னூர்வாசி:
வணக்கம். சாயம் போடாத இயற்கைத் தோலில் தைத்த முழுக்கைச் சட்டை ஒன்று வைத்திருக்கிறேன். ஜாக்கெட் இல்லை. சாதாரணச் சட்டை போலவே காலர், முன்னால் பட்டன், உள்ளே லைனிங் கிடையாது. ஆம்பூரில் தெரிந்தவர் மூலம் ஆட்டுத்தோல் எடுத்து அங்கேயே தைத்தது. சென்னையில் இருந்தவரை எப்போதாவதுதான் போடுவேன், அந்தப் புழுக்கத்தில் யார் தோலைப் போட்டுக்கொண்டு திரிவது? வேலை மாறி இங்கே வந்த பிறகு அடிக்கடி போடுகிறேன்.

இப்போது காலையில் பீரோவைத் திறந்தால் தோளிலும் முதுகிலும் மாவு தூவினாற்போல் வெள்ளைப் படலம். துடைத்தால் போகிறது, மறுநாள் மறுபடி வருகிறது. சென்னையில் இது வந்ததே இல்லை. பட்டன்களைச் சுற்றிக் கருநீலமாக வேறு கறை விழுந்திருக்கிறது. தூறல் பட்ட இடத்தில் வளையம் வளையமாகத் தெரிகிறது. புதிதில் சந்தன நிறம். இப்போது காலரும் கைமடிப்பும் மட்டும் பழுப்பாகி, "அழுக்குச் சட்டை" என்று வீட்டில் கேலி. பழைய நிறத்துக்குக் கொண்டுவர வழி உண்டா?

கோத்தகிரி மழை:
பூஞ்சையேதான், சந்தேகமே வேண்டாம். ஐப்பசி மழை பிடித்தால் இங்கே பெல்ட், செருப்பு, கேமரா பை எதுவும் தப்பாது. ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, வெயில் அடிக்கும் நாளில் மொட்டை மாடியில் நன்றாகக் காயப் போடுங்கள்.

பழைய கோட்டு:
பேசாமல் டிரைகிளீனிங்கில் கொடுத்துவிடுங்கள், எல்லாம் ஒரே அடியில் போய்விடும்.

ராணிப்பேட்டை டேனரி:
டிரைகிளீனிங் மட்டும் வேண்டாம் சார். அந்தத் திரவம் தோலுக்குள் இருக்கும் கொழுப்பையும் சேர்த்து உருவிவிடும். அழுக்கு போகும், சட்டை அட்டையாகத் திரும்பி வரும்.

குன்னூர்வாசி, சில விஷயம் சொல்லுங்கள். படலத்தைத் துடைக்காமல் அப்படியே போட்டுக்கொண்டால் உடம்புச் சூட்டில் தானாக மறைகிறதா? மக்கிய வாடை உண்டா? தைத்த பிறகு எண்ணெய் ஏதாவது தடவினார்களா? உள்பக்கத் தையலைப் பிரித்துத் தோலின் வெட்டு விளிம்பு என்ன நிறம் என்றும் பாருங்கள்.

குன்னூர்வாசி:
ஆமாம், போட்டுக் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடுகிறது! வாடை இல்லை. தைத்தவர் கொடுக்கும்போதே பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவித்தான் கொடுத்தார், காய்ந்தாற்போல் தெரிந்தால் தடவவும் சொன்னார். விளிம்பு உள்ளே வரை ஒரே பழுப்பு.

ராணிப்பேட்டை டேனரி:
அப்படியானால் பூஞ்சை இல்லை. அது தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும் என்பது பனிக்காலத்தில் பாட்டிலைக் கையில் எடுத்த எல்லோருக்கும் தெரியும். சென்னைச் சூட்டில் அது உறைவது அரிது. குன்னூர் ராத்திரிக் குளிரில் தோலின் மேல்பரப்புக்கு வந்து உறைகிறது, உங்கள் உடம்புச் சூடு பட்டதும் உருகி உள்ளே போகிறது. உறுதி செய்ய ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு. மறையாமல் நின்றால், துடைத்த இடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், பூஞ்சை. அப்போது கோத்தகிரி நண்பர் சொன்ன ஸ்பிரிட் சரி, உள்பக்க ஓரத்தில் தடவிப் பார்த்துவிட்டு. மொட்டை மாடி வெயில் எப்படியும் வேண்டாம், நிழலில் காற்றாடப் போட்டால் போதும்.

எண்ணெயை எடுக்க: லேசாகச் சூடுபடுத்தி, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம் மக்காச்சோள மாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். ஒரே தடவையில் முடியாது. இனி தோல் வறண்டால் தேன்மெழுகு கலந்த லெதர் கிரீம், அதுவும் மிகக் கொஞ்சம். எங்கள் பக்கம் பழைய முறையில் புங்க எண்ணெய்தான் போடுவார்கள். அது தோல் பதனிடும் டேனரியோடு இருக்கட்டும், வீட்டில் முயன்றால் வாடை தாங்காது.

விளிம்பு உள்ளே வரை பழுப்பு என்றால் மரப்பட்டைப் பதனீடு. குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலாக இருந்தால் நீலச் சாம்பல் அடித்திருக்கும். பட்டன் கறைக்குக் காரணமும் இதுதான். பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் போட்டு மை காய்ச்சியதும், கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு வருவதும் இதே சேர்க்கையால்தான். உங்கள் பட்டனில் முலாம் தேய்ந்து உள்ளே இரும்பு தெரிகிறதா பாருங்கள்.

குன்னூர்வாசி:
ஹேர் டிரையர் காட்டினேன், கண்ணெதிரே மறைந்தது. பட்டனில் காந்தம் ஒட்டுகிறது. பித்தளை பட்டன் மாற்றலாமா?

ஊசி நூல்:
பித்தளை வேண்டாம் தம்பி. எண்ணெய் ஏறிய தோலோடு சேர்ந்தால் பச்சைக் களிம்பு கட்டும், நான் பை தைக்கிறவள், பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. சிரட்டை பட்டன் போடுங்கள், அந்தச் சந்தன நிறத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கும். கறைக்கு எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து பஞ்சால் ஒற்றி, உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கொஞ்சம் வெளுக்கும், அதனால் முதலில் உள்பக்கம்.

ராணிப்பேட்டை டேனரி:
அக்கா சொன்னதை அப்படியே செய்யுங்கள்.

மழை வளையத்துக்கு: தண்ணீர் காயும்போது துவர்ப்பையும் பட்டையின் நிறச் சத்தையும் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் இன்னொரு வளையம்தான் வரும். தையலிலிருந்து தையல் வரை அந்தத் துண்டு முழுவதையும் ஸ்பாஞ்சால் ஒரே சீராக ஈரமாக்கி, தடித்த ஹேங்கரில் நிழலில் உலர விடுங்கள். ஈரத்தோடு ஹேர் டிரையர், இஸ்திரி பக்கம் போகவே கூடாது. நனைந்த பட்டைத் தோல் 75–85 டிகிரியிலேயே சுருங்கிவிடும், அப்புறம் மீட்க முடியாது.

நிறம் திரும்பாது சார், அதை விட்டுவிடுங்கள். பட்டைத் தோல் வெளிச்சத்தில் கருக்கும், பழைய ஆவாரம்பட்டைத் தோலெல்லாம் சிவப்பே ஏறும். அதைத் தடுக்கத்தான் பதனீட்டின் கடைசியில் கடுக்காய்க் கரைசலில் போட்டெடுப்பது. காலர் முந்திக்கொண்டது வியர்வையாலும் தலை எண்ணெயாலும். அதை வெளுக்கப் பார்ப்பதைவிட மீதியை அதனோடு சேர விடுவது சுலபம். போடாத நாட்களில் பீரோவில் பூட்டாமல் ஜன்னல் வெளிச்சம் படும் சுவரில், முன்னும் பின்னும் மாற்றி மாட்டுங்கள். உள்ளே பனியன் கட்டாயம், காலரை அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

கோத்தகிரி மழை:
சரி, இந்தத் தடவை பூஞ்சை இல்லை. ஆனால் மழைக்காலத்தில் வராமல் இருக்காது, பார்த்துக்கொண்டே இருங்கள்.

ராணிப்பேட்டை டேனரி:
அதுவும் உண்மை. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பிடிக்கும். பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், பழைய பருத்தி வேட்டி போதும். சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் மாதம் ஒரு முறை சூடுபடுத்தி உலர்த்தி மறுபடி வையுங்கள். நாப்தலீன் உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சையைத் தடுக்க அதை நம்பாதீர்கள்.